வரிசையில் பழகிய சிரிப்பு

திருகோணமலையில் மனிதர்கள் அலுவலகத்துக்குள் நின்று கோபப்படுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. பஸ் நிலையத்தில் மான்கள் நின்று காகிதம் தின்பதுகூடச் சில நாட்களில் பழகிவிட்டது. இது பழகவில்லை. அடையாள அட்டை விசயமாக ஓர் அலுவலகத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் சல்லிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மீன் வாசம் போகாத பையோடு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த லிகிதரைப் பிடித்துத் திட்டத் தொடங்கினார். ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கிறார்களாம். கருவாடு வெயிலில் கிடக்கிறதாம், மழை வந்தால் யார் பதில் சொல்வது என்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டிவிடப் போகிறார்கள் என்று பயந்தேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி அக்கா, இருங்கோ, பாக்கிறன்" என்றார். கொஞ்ச நேரத்தில் இருவரும் கருவாட்டு விலை கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். அம்மாவும் அப்பாவும் இந்த மாவட்டத்திலிருந்து படகேறிப் போனவர்கள். அப்பா அங்கேயே கண்ணை மூடினார். ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்று அம்மா என்னை விமானத்தில் ஏற்றியபோது நான் வளர்ந்த பெண். கண்ணால் பார்த்திராத ஊருக்குத் திரும்பி வந்தவள் நான். இன்னும் முகாம்களில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காணி, பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே வந்தபின் நமக்குக் கோபம் வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கணக்கெடுக்கும் நாள் உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி இருப்பார், இந்தப் பக்கம் நாம் நிற்போம். பெயர் கூப்பிட்டால் ஒரு சிரிப்போடு முன்னால் போகவேண்டும். அந்தச் சிரிப்பை அம்மா எனக்குப் பழக்கினார். பல்லைக் காட்டினால் திமிர், வாயை மூடிக்கொண்டால் முறைப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நல்ல அதிகாரிகளும் வந்தார்கள், சிடுமூஞ்சிகளும் வந்தார்கள். எல்லோருக்கும் அதே சிரிப்புத்தான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறாத சொல்லை எதற்கு வாய்க்குள் வைத்திருப்பது என்று விழுங்கிப் பழகினோம். யாராவது குரலை உயர்த்தினால், பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவர் வாயைப் பொத்துவார்கள். பெயரை வெட்டிவிட்டால் அரிசியும் உதவிப்பணமும் நின்றுபோகும். ஒருவருடைய வாயால் ஒரு வரிசைக்கே கேடு வரும் என்ற பயம்.

அப்படி வளர்ந்தவளுக்கு இங்கே வந்து கலியாணமாகி, நகரத்து ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு வாடகை வீடும் கையில் ஒரு தையல் மெஷினும் வந்தபிறகு கோபம் வரத் தொடங்கியது. கணவர் ஜெயசீலனுக்கு வேலை புல்மோட்டையில். வார இறுதியில்தான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் ஏழு வயது மகள் கவிஷாவும்தான். அலுவலகத்தில் வாய் திறக்காத நான் அவளிடம் திறந்தேன். செருப்பு கோணலாகக் கிடந்தால் கத்தினேன், சோறு ஆறினால் கத்தினேன். ஒருநாள் நான் தைத்து முடித்த சட்டையில் அவள் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நான் கையில் இருந்த அகப்பையை எறிந்தேன். அது அவள் காதுப்பக்கமாகப் போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. பிள்ளை அழவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரி அம்மா, சரி அம்மா" என்றாள்.

அந்தச் சிரிப்பை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அம்மா இறந்து இரண்டு வருடம். முகாம் பற்றி நான் வாய் திறந்ததே இல்லை. ஆனால் அது அதேதான், பல்லுக்கும் வாய்க்கும் நடுவில் ஒன்று. என் குசினியில் வரிசை போட்டு என் பிள்ளையை நிறுத்தியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன்.  இதை இப்போதே நிறுத்தாவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்க இப்படியே சிரிப்பாள் என்று பயந்தேன்.

இதற்கு யாரிடமாவது உதவி கேட்கவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். கோபத்துக்கும் மருந்தோ என்று கேட்டார். மாமியார், கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எனக்கே சான்றிதழ் தந்தார். சல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினார்கள். அம்மன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நூல் கட்டிய கையாலேயே அடுத்த வாரம் கதவை அறைந்து சாத்தினேன். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு வாசலுக்கு ஒருநாள் போனேன். அங்கே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களில் ஒருவர் என்னிடம் தைக்கக் கொடுப்பவர். அவர் என்னைக் காணுமுன் நானும், நான் அவரைக் காணுமுன் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். கடைசியில் கவிஷாவின் டீச்சர் மனக்கஷ்டங்களைக் கேட்டு உதவுகிற ஓர் உளவளத்துணையாளரைப் பற்றிச் சொன்னார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், கிழமையில் ஒருநாள் இங்கே வந்து இருப்பார், காசு இல்லை, கதை வெளியே போகாது என்றார்.

போனேன். ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லியும் நான் நின்றேன். கேட்காமலே அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். என்ன பிரச்சினை என்று அந்த மிஸ் கேட்டார். கொஞ்சம் கோபம் வரும், பெரிதாக ஒன்றுமில்லை என்று சிரித்தேன். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்றார். எல்லாம் நல்லம் மிஸ் என்றேன். அவர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்து அன்று பின்னேரமே பிள்ளையைப் பார்த்துக் கத்தி மூலையில் நிறுத்தினேன்.

அடுத்த கிழமையும் அப்படியே. சிரிப்பும் பத்திரங்களுமாக நின்றேன். மிஸ் என்னை இரக்கமாகப் பார்த்தார். நீங்கள் பொறுமையான ஆள், இந்தியாவிலிருந்து வந்த நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் சாதுவான ஆட்கள் என்றார். வெளியே கஷ்டமான நிலையில் பலர் காத்திருப்பதால், என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் குறையாக நினைப்பேனா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? பரவாயில்லை மிஸ் என்றேன். சிரித்தேன். பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் படலைவரை போனேன்.

படலையில் கை வைத்தபோது கவிஷாவின் முகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பை நேராக வைத்துவிட்டு, நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று பார்க்கிற முகம். திரும்பிப் போனேன். உள்ளே வேறொருவர் இருந்தார். கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு போய் மேசையில் ஓங்கி அடித்தேன். வாயில் வந்தது முகாம் தெருவின் தமிழ்.

"என் பேரை வெட்டாதீங்க. நான் சிரிக்கிறதப் பாத்து நீங்களா முடிவு பண்ணாதீங்க. என் பொண்ணு என்னைப் பாத்து இப்படித்தான் சிரிக்கிறா."

 இனி பொலிஸ் வரும் என்றுதான் உண்மையாக நினைத்தேன். மிஸ் அந்த மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே அனுப்பினார். பிறகு தன் கதிரையைத் தூக்கி மேசைக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில் போட்டார்.

"பிழை என்னிலதான். இப்ப நீங்களும் கதிரையில இருந்து சொல்லுங்க" என்றார்.

அன்று கதிரையில் இருந்தேன். வரிசையைச் சொன்னேன், அகப்பையைச் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை, நிறையக் கேட்டார். போகும்போது ஒன்றுதான் சொன்னார். கோபம் ஏறினால் பிள்ளைக்கு மேலே நிற்கவேண்டாம், தரையில் இருந்துவிடுங்கள் என்றார். சின்ன விசயம்தான், செய்யப் பார்த்தால் மலை. நிற்கிற கோபத்தை மடக்கித் தரையில் இருத்துவதற்கு எனக்கு மாதங்கள் போயின. பல நாள் தோற்றேன். இன்றும் மிஸ்ஸிடம் போய்வருகிறேன்.

போன கிழமை வீடு கூட்டும்போது மூலையில் கிடந்த ஒரு மட்டைப் பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டேன். அது கவிஷா கட்டிய வீடாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தேடினாள். நான் சொன்னதும் நின்ற இடத்தில் நின்று கத்தினாள்.

"ஏன் எறிஞ்சனீங்கள்? என்னட்டக் கேட்டனீங்களோ? அது என்ர வீடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்படியே சீமெந்துத் தரையில் இருந்துவிட்டேன். அவள் எனக்கு மேலே நின்றாள். உடனே என் வாய் தானாகப் பழைய சிரிப்பைப் போடத் தொடங்கியது. உதட்டைக் கடித்து நிறுத்தினேன். வெளியே கேட்டுவிடும் என்று என் கை அவள் வாயைப் பொத்த எழும்பியது. அதையும் பிடித்து மடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, பிள்ளை ஏன் கத்துகிறது என்று கேட்டார். "ஒண்டுமில்லை அக்கா, அவவுக்குக் கோபம்" என்றேன். கவிஷா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, தன் ஊரில், தன் தமிழில், பயமில்லாமல் இன்னும் சத்தமாகத் தொடங்கினாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒரு காதைத்தான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. மற்றக் காது தெருவில், யாராவது அதிகாரியின் ஜீப் வந்து நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.