அம்மா கேட்ட ஒரு சொம்புத் தண்ணீர்

போன வருடம் சித்திரை மாதம், திண்டுக்கல்லில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். சிறுநீரகம் செயலிழந்த என் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

கையிலுள்ள ரத்தக்குழாய்கள் மெலிந்துவிட்டதால் கழுத்து வழியாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் ஒரு முனை இதயம் வரை போகும். மறுமுனை தோலுக்கடியிலேயே இறங்கி மார்பில் வெளியே எட்டிப் பார்க்கும். அதில் இரண்டு வாய். சிவப்பு மூடி போட்டது ரத்தத்தை மெஷினுக்கு அனுப்ப, நீல மூடி போட்டது சுத்தமான ரத்தத்தைத் திரும்ப வாங்க. "நகை கேட்டேன், ரப்பர்ல செஞ்சு போட்டுட்டாய்ங்க" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்த இடத்தில் ஈரம் படவே கூடாது, கிருமி புகுந்தால் நேரே இதயத்துக்குத்தான் போகும் என்று டயாலிசிஸ் நர்ஸ் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் உடம்புக்கு ஈரத்துணித் துடைப்புதான். தலையைப் பின்னால் சாய்த்து முடியை மட்டும் அலசிவிடுவேன். வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா சண்டைக்கு நிற்பார். "ஒரே ஒரு சொம்பு தலையோட ஊத்துடி. மேலெல்லாம் அரிக்குது, எரியுது."

நான் மசிந்ததே இல்லை. "நல்லாகட்டும்மா, ஊத்துறேன்" என்பேன். நல்லாகாது என்று இருவருக்குமே தெரியும்.

ஒருநாள் காலை டயாலிசிஸுக்குக் கிளம்ப எழுப்பப் போனேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

எங்கள் வழக்கப்படி, இறந்த பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகள் கூட நிற்பாள். குளிப்பாட்ட வந்த பக்கத்துத் தெரு மாமி போர்வையை விலக்கியதும் குழாயைப் பார்த்துத் தயங்கினார். "இதக் கழட்டிறணுமா?" எனக்கும் தெரியவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"இழுத்துறாதீங்கக்கா. தோலுக்குள்ள குழாயச் சுத்தி ஒரு பட்டை இருக்கும், சதை அதைப் புடிச்சு வளர்ந்திருக்கும். மூடி இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாத்து அப்படியே விட்ருங்க."

"தண்ணி..." என்று இழுத்தேன்.

"இனிமே படலாங்கக்கா" என்றார்.

வழக்கப்படி இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை, சூடு ஆறியதும் மாமி ஊற்றத் தொடங்கினார். தண்ணீர் கழுத்தில் இறங்கியதுதான் தாமதம், என் கை பாய்ந்து போய் அந்தக் குழாயை மூடிக்கொண்டது. மாமி வையவில்லை. சற்றுப் பொறுத்து, என் விரல்களை மெல்ல எடுத்துவிட்டார். அதே கையில் சொம்பைக் கொடுத்தார்.

"நீயே ஊத்தும்மா. ஆசை தீர ஊத்து."

ஊற்றினேன். வாய்விட்டு அழுதுகொண்டே ஊற்றினேன்.

இன்றும் தலைக்கு ஊற்றிக் குளிக்கும்போதெல்லாம் என் இடது கை தானாக மார்பை மூடிக்கொள்கிறது. அன்று மறுத்தது சரிதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் அம்மா கேட்ட தண்ணீரைக் கொடுத்தபோது அது குளிர்ச்சியாக இருக்கிறதென்று சொல்ல அவர் இல்லையே என்பதை நினைத்தால் மட்டும் மனம் ஆற மறுக்கிறது.