ஆமென் எப்போது முடிகிறது?

ஜெபமாலை சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வார். பின்னால் இருக்கும் கூட்டம் மறுபாதியைச் சொல்லி, 'ஆமென்' என்று முடிக்கும். அந்த ஆமென் அடங்குகிற நேரம் பார்த்து அடுத்த மந்திரத்தைத் தொடங்க வேண்டும். முந்தினால் மோதல், பிந்தினால் கூட்டத்தில் பாதி தூங்கிவிடும். எங்கள் தெருவில் இந்த வேலையை எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே செய்துவருபவள் என் அம்மா.

வரதராசன்பேட்டைப் பக்கத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்க ஊர்களில், கோவில் பங்கைச் சேர்ந்த குடும்பங்களைச் சின்னச் சின்ன ஜெபக் குழுக்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அன்பியம் என்று பெயர். அக்டோபர் வந்துவிட்டால் மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் மாலை ஜெபமாலை நடக்கும். அம்மா சுரூபத்தைப் பார்த்து முன்னால் உட்காருவாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் பாயில். ஆக, பதில் சொல்கிறவர்களின் வாய் அவளுக்குத் தெரியாது. காது ஒன்றுதான் துணை.

அந்தத் துணைதான் கொஞ்ச நாளாகக் காலை வாரிக்கொண்டிருந்தது. கூட்டம் பாதியில் இருக்கும்போதே அம்மா அடுத்ததைத் தொடங்கிவிடுவாள். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்ததுபோல் இரண்டு மந்திரங்கள் முட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க அவள் கூடுதலாகக் காத்திருக்கத் தொடங்கினாள். எல்லாரும் சொல்லி முடித்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சி, யாராவது செருமிய பிறகும் அம்மா காத்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் அன்பியத்தின் ஒருங்கிணைப்பாளர் பக்கத்து வீட்டுப் பெண். அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், நல்லவர், வேகமானவர். போன செப்டம்பரில் அவர் என் மனைவியிடம் வந்து ஒரு யோசனை சொன்னார். செல்போனில் பதிவுசெய்த ஜெபமாலையை ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் ஓட விடுவது, எல்லாரும் அதற்குப் பதில் சொல்வது. பெரியம்மா முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், மரியாதைக்குக் குறைவில்லை. இல்லையென்றால் பெரியம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்காரட்டும், வாயைப் பார்த்துத் தொடங்கட்டும்.

என் மனைவி இரண்டையும் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னாள். அதாவது, சத்தமாகச் சொன்னாள்.

"மாதாவுக்கு முதுகக் காட்டிட்டு யாரப் பாத்துடி ஜெபம் சொல்றது?" என்றாள் அம்மா. ஸ்பீக்கருக்கான பதிலாக அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். அக்டோபருக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

காதுக்கு மெஷின் வாங்கித் தருவது என்று நான் முடிவுசெய்தேன். நான் அரியலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் படிக்கிறேன். ஒரு விளக்குமாறு வாங்கச் சொன்னாலும் விளக்குமாற்றின் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். அதற்குள் மனைவி வாங்கி வந்து பெருக்கியும் முடித்திருப்பாள். இப்போது காதைப் பற்றிப் படித்தேன். உள்ளே நத்தைக்கூடு போல ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் வரிசையாக நுண்ணிய மயிர்கள். வயதாக ஆக மெல்லிய கீச்சொலிகளுக்கான மயிர்கள் முதலில் ஓய்வு பெறுகின்றன. அதனால்தான் அம்மாவுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி கேட்கிறது, பேத்தி பேசுவது கேட்கவில்லை. இன்னொரு விஷயமும் தெரிந்தது. மெதுவாகப் பேசினால் "சத்தமாச் சொல்லு" என்பாள். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தற" என்பாள். இது மாமியார் குணம் என்று என் மனைவி இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். நத்தைக்கூட்டின் குணமாம். கேட்கிற அளவுக்கும் தாங்குகிற அளவுக்கும் நடுவில் இருக்கிற இடம் குறுகிவிடுகிறது. இதை மனைவியிடம் விளக்கினேன். "சரி, உங்களுக்கு என்ன நத்தைக்கூடு?" என்றாள்.

இவ்வளவு படித்தவன் செய்யக்கூடாத காரியத்தை அடுத்துச் செய்தேன். இருப்பதிலேயே மலிவான ஒன்றை இணையத்தில் ஆர்டர் பண்ணினேன். டப்பா மேல் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற, சப்போட்டா விதை அளவுள்ள சாதனம். அம்மாவுக்குக் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டிக்கொண்டேன்.

அது ஒரு விசித்திரமான பகல். செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கொட்டகை சரிந்தது. முறுக்கைக் கடித்தேன்; கல் குவாரியில் வெடி வைத்தார்கள். எங்கள் கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது என்பது தெரிந்தது. இத்தனை வருடம் அதன் அடியில்தான் படுத்திருக்கிறேன். கடைத்தெரு வரை போய் வந்தேன். கூடவே என் சட்டைக் காலர் கரகரவென்று பேசிக்கொண்டே வந்தது. எதிரில் வந்து நலம் விசாரித்தவர் சொன்னதுதான் சரியாகக் கேட்கவில்லை. அந்தச் சாதனத்துக்குப் பேச்சு, இரைச்சல் என்ற பேதமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிவிட்டது. கையைக் காதருகே கொண்டுபோனால் விசில் வேறு அடித்தது. அம்மா ஒரே ஒரு முறை மாட்டினாள். விசில் அடித்தது. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கீரை ஆயப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பெரம்பலூரில் செவித்திறன் பரிசோதிக்கும் ஒரு பெண்மணியிடம் அம்மாவை அழைத்துப் போனேன். அவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு அடைத்துக்கொண்டு கேட்காமல் போகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு மெஷினே வேண்டாம் என்றார். அம்மாவின் காது சுத்தமாக இருந்தது. எனக்கு அதில் லேசான ஏமாற்றம்.

பிறகு அம்மாவைக் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் எவ்வளவு லேசாகக் கேட்டாலும் பட்டனை அழுத்த வேண்டும். அம்மா தலையாட்டினாள். நானும் அந்தப் பெண்மணியும் வெளியே இருந்தோம். அவர் ஒலிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். பட்டன் விளக்கு எரியவே இல்லை. ஒலியைக் கூட்டினார். எரியவில்லை. இன்னும் கூட்டினார். எனக்கே கேட்கிறது போல இருந்தது. அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து, "இப்பத்தானே சார் என்கிட்ட நல்லாப் பேசிக்கிட்டிருந்தாங்க" என்றார்.

மொத்தமாகப் போய்விட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பட்டன் மடியில் கிடந்தது. முந்தானைக்கு அடியில் அவளுடைய வலது கை அசைந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தோம். அம்மா கையில் ஜெபமாலை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு மணி தள்ளியிருக்கிறாள். அதுவும் சத்தம் வந்தவுடனே இல்லை, அது முழுதாக முடிந்து அடங்கிய பிறகு.

"பட்டன அமுக்கணும்னு சொன்னேனேம்மா" என்றார் அந்தப் பெண்மணி.

"அதை அமுக்கிக்கிட்டு எப்புடிம்மா எண்ணுறது?" என்றாள் அம்மா. "ரெண்டாவது பத்துல பாதியில இருக்கேன்."

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார்; ஜெபமாலையை வாங்க முயற்சிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடி வழியாக அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு, மணி நகர்ந்த இடமெல்லாம் வரைபடத் தாளில் புள்ளி வைத்து முடித்தார். புள்ளிகளைச் சேர்த்தபோது கோடு இடதுபக்கம் ஓரளவு சமமாக ஓடி, வலதுபக்கம் குவாரிக்குள் லாரி இறங்குகிற பாதை மாதிரி சரிந்தது. கீச்சொலிகள் இருக்கிற பக்கம் அது. இரண்டு காதும் ஒரே மாதிரி. வயசுதான் காரணம் என்றார்.

அம்மாவின் கோட்டுக்கு ஏற்றபடி அளவு வைத்துத் தருகிற நல்ல கருவிதான் சரியானது என்று அவர் விளக்கினார். எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் தூக்கிவிடும். காலர் சத்தத்தைக் கொண்டாடாது. மாதிரிக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தார். அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, யாரோ பானைக்குள் இருந்து தன் குரலில் பேசுவதாகச் சொல்லிக் கழற்றிவிட்டாள். பழகப் பழகச் சரியாகும் என்றார் அவர். பழகுவதற்கு எனக்கு என்ன தலையெழுத்து என்றாள் இவள். விலையைக் கேட்டபோது எனக்கும் தற்காலிகமாகக் காது அடைத்தது. அரசுத் திட்டத்தில் கிடைக்க வழி உண்டு என்று சொன்னதால் அதற்கு மனுவும் போட்டுவைத்தோம். ஆனால் அக்டோபர், மனுவைப் பார்த்துவிட்டு வருகிற மாதம் இல்லை.

"அம்மாவுக்கு எங்க கேக்கணும்?" என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். இத்தனை நாள் படித்ததில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஜெபமாலையை விளக்கினேன். அவர் யோசித்தார். சிக்கல் காதில் மட்டும் இல்லை, தூரத்திலும் இருக்கிறது என்றார். பேசுகிறவர்கள் பின்னால் பாயில். மின்விசிறி நேராகத் தலைக்கு மேலே. காதில் மாட்டுகிற எந்த மெஷினும் மின்விசிறியைத்தான் முதலில் கேட்கும். வேண்டுமானால் பாக்கெட் மாடல் ஒன்றை முயன்று பார்க்கலாம். விலை குறைவு, சத்தம் கூட்டுகிற திருகு பெரியது, வயதானவர்களுக்குக் கையாள எளிது. சத்தத்தை முழுதாகத் திருப்பி வைக்கக் கூடாது, இருக்கிற காதும் கெட்டுப்போகும் என்று எச்சரித்தார்.

நாங்கள் வாங்கி வந்த பாக்கெட் மாடல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு டப்பா. அதிலிருந்து ஒயர் கிளம்பிக் காதுக்குப் போகும். ஒலியை வாங்குகிற மைக் டப்பாவிலேயே இருக்கிறது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் செய்தவர்கள் காது மந்தமாவது ஆண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்க வேண்டும். சேலையில் ஏது பாக்கெட்? அம்மா ரவிக்கைக்குள் வைத்துப் பார்த்தாள், துணி உரசிப் புயலடித்தது. இடுப்பில் செருகினால் கொலுசு போடாத மருமகளின் நடை கேட்டது, பேச்சு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து எரிச்சலோடு டப்பாவை உருவி வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்து என் மனைவி சமையலறை வாசலில் நின்று ஏதோ கேட்டாள். அம்மா கையை நீட்டி டப்பாவை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"இதுல சொல்லு."

மனைவி அதில் சொன்னாள். அம்மா அப்படியே நின்றாள். பிறகு சாதாரணமாக, கத்தாமல் பதில் சொன்னாள். அன்று சாயங்காலம் வரை வீட்டில் பேட்டி நடந்தது. பால்காரர், பேத்தி, கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. டிவி நிருபர் மாதிரி டப்பாவை நீட்டினாள். மெஷினைக் காதருகே கொண்டுபோவதைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். அவள் அதைப் பேசுகிறவரிடம் அனுப்பிவிட்டாள்.

டப்பா எட்டப் போவதற்காக, என் பங்குக்கு நான் நீள ஒயர் வாங்கினேன். அரியலூரில் செல்போன் கடையில் இயர்போனை நீட்டுவதற்கென்றே ஒயர் விற்கிறார்கள். பெரம்பலூருக்குப் போன் போட்டுக் கேட்டேன். போடலாம், ஆனால் சத்தத்தைக் கூட்டாதீர்கள் என்று அந்தப் பெண்மணி மறுபடி சொன்னார்.

அக்டோபரின் முதல் ஜெபமாலை எங்கள் வீட்டில். ஒருங்கிணைப்பாளர் தன் பையில் ஸ்பீக்கரோடு வந்தார். அம்மா சுரூபத்துக்கு முன் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, டப்பாவைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டினாள். "நீ புடி" என்றாள் அவரிடம். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தார்.

முதல் மந்திரம். கூட்டம் மறுபாதியைச் சொன்னது. ஆமென் வந்து விழுந்தது. அம்மா சரியாக அந்த இடத்தில் தொடங்கினாள். அடுத்ததும். அதற்கடுத்ததும். நாலைந்து மந்திரத்துக்குப் பிறகு அவள் தோள் தளர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது.

முதல் பத்து மந்திரம் முடிந்து, இரண்டாவது பத்தில் நிறுத்திவிட்டாள். மறுபடி போச்சு என்று நினைத்தேன்.

"கடைசி வரியில பாதிப் பேரு வாயே தொறக்கல" என்றாள் அம்மா, திரும்பாமலே. "மொனகிட்டு ஆமென் போடுறீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க."

பின்னால் அசையும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் போல. அந்த மந்திரத்தை இன்னொரு தடவை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் கை வலித்துக் கையை மாற்றியபோது, "பெட்டிய ஆட்டாதம்மா" என்றாள். வழக்கத்தைவிட அன்று ஜெபமாலை நீண்டது. ஒருவர் இருமினார், அவர் இருமி முடிக்கும் வரை அம்மா பொறுத்திருந்து தொடங்கினாள்.

முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஒருங்கிணைப்பாளர் டப்பாவைத் துடைத்து அம்மா கையில் கொடுத்தார். "நாளைக்கு எங்க வூடு, பெரியம்மா. ஒயர மறந்துட்டு வந்துடாதீங்க" என்றார். அம்மாவுக்கு அதுவும் கேட்டது.

எல்லாரும் போன பிறகு எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஒயர் வாங்கியவன் என்ற முறையில். இனிமேல் வீட்டிலும் இதையே மாட்டிக்கொள்ளலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்தி.

அம்மா ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "வூட்ல எதுக்கு?" என்றாள். "நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? பேட்டரிதான் தீந்து போவும்."

திருகைத் திருப்பி அணைத்துவிட்டு உள்ளே போனாள்.