வெள்ளிக்கிழமைச் சங்கு

எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் அதை யாரும் நம்புவதில்லை. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கே நேரம் சொன்னது அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் சங்குதான். காலை எட்டு மணிக்கு அது ஊதும்போது அப்பா ஷாப்புக்குள் இருக்க வேண்டும், நான் தலை பின்னி முடித்திருக்க வேண்டும், அம்மா மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். மூன்றாவது ஆகக் கூடாது. அது என் பொறுப்பு.

எண்பதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த சமயம். அதற்குச் சில வருஷம் முன்பு அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் என் முன்னால் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். ‘அது’ திரும்பி வராமல் இருக்கத்தான் அந்த ஹார்மோன் மாத்திரை. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். “சங்கு ஊதுனா மாத்திரை. மறந்துடாத. உன்ன நம்பித்தான் நான் வேலைக்குப் போறேன்” என்று அப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் கரும்பலகை துடைக்கும் வேலையைக்கூட யாரும் என்னை நம்பித் தந்ததில்லை.

ஷாப்பு முதலாளிகள் தொழுகைக்குப் போகும் நாள் என்பதால் வெள்ளிக்கிழமைதான் அங்கே வார லீவு. அன்றைக்குச் சங்கு கிடையாது. சங்கு இல்லையென்றால் மாத்திரைக்கும் லீவு போலிருக்கிறது என்று முதல் வெள்ளிக்கிழமை நான் நிம்மதியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் அப்பா திட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அவரே சங்கு ஊதினார். மெல்ல ஏறி, நடுவில் கனத்து, கடைசியில் இழுத்துக்கொண்டே அடங்கும் அசல் ஷாப்புச் சங்கு. எதிர் வீட்டுக்காரர் ஒருமுறை தூக்கத்திலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கே கிளம்பிவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வாள். அந்த மாத்திரையால் அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். மார்கழியில்கூட முறத்தை எடுத்து விசிறிக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அப்பா வாசலுக்குப் போகவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரையும் தண்ணீருமாக நின்றுகொண்டு, “அப்பா, ஊதுங்க” என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, “இனிமே வேணாம்மா, உங்கம்மா நிறுத்திட்டா” என்றார். மறுநாள் நிஜச் சங்கு ஊதியது. வழக்கம்போல மாத்திரையை நீட்டினேன். அம்மா தம்ளரை மட்டும் வாங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“கொஞ்ச நாளைக்கு வேணாம் கண்ணு.”

“ஏம்மா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு? போய் பைய எடு, இன்னிக்கு சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருக்கு, டைமாயிடுச்சு.”

மாத்திரையை விட்டால் ‘அது’ மறுபடி வந்துவிடும் என்று குடியாத்தத்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, யாரிடமோ சொன்னதை நான் ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்டிருந்தேன். அன்றிலிருந்து சங்கு ஊதினாலே அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவேன். அம்மா இருமினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்காமல் வருகிறதா என்று கேட்பேன். அவளோ நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தாள். வியர்வை நின்றது, முறம் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. நன்றாக இருப்பது போலக் காட்டி ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூட வேலை எழுதிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் துணி பிழிந்துகொண்டே இருவரும் பேசியது காதில் விழுந்தது.

“ஒண்ணு இருக்கே, போதாதா நமக்கு?” என்றார் அப்பா. “உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

“தெரிஞ்சுதான் பண்றேன். நீங்க பேஜார் பண்ணாதீங்க” என்றாள் அம்மா.

‘ஒண்ணு’ என்பது நான்தான் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. அம்மா பிடிவாதமாக மாத்திரையை விட்டுவிட்டாள், அப்பாவால் தடுக்க முடியவில்லை என்பது மட்டும் புரிந்தது. அப்படியென்றால் டாக்டருக்குத் தெரிந்திருக்காது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை வேலூருக்குப் போனபோது அழுது அடம் பிடித்துக் கூடவே பஸ் ஏறினேன். பாவாடை நாடாவில் மாத்திரை அட்டையைச் செருகியிருந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் தாமதம், அட்டையை மேஜைமேல் வைத்து, “எங்கம்மா மாத்திரையே சாப்பிடறதில்ல டாக்டர், எல்லாம் அப்படியே இருக்கு” என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான்தான்மா நிறுத்தச் சொன்னேன். இந்த மாத்திரை சாப்பிடும்போது வயித்துல பாப்பா வந்தா பாப்பாவுக்கு ஆகாது. உங்கம்மாவுக்கு இன்னொரு பாப்பா வேணுமாம். அதனால கொஞ்ச காலம் இடைவெளி. பொறந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடலாம்.”

“அதுக்குள்ள ‘அது’ வந்துட்டா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “வராதுன்னு என்னால சொல்ல முடியாது. உங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.”

அதுவரை எந்தப் பெரியவரும் எனக்கு அப்படி நேராகப் பதில் சொன்னதில்லை. பொய்யே சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, “உனக்குத் தம்பியோ தங்கச்சியோ வேணாமா?” என்று கேட்டாள்.

“வேணாம். நீதான் வேணும்.”

அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஊர் வந்து சேரும்வரை என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் என் தலையை மடியில் சாய்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஆண் பிள்ளைக்கு ஆசைப்படுகிறாள் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். ஊரில் எல்லாரும் அதற்குத்தானே ஆசைப்படுகிறார்கள். இன்னும் பிறக்காத அவன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவின் வயிறு தெரிய ஆரம்பித்ததும் அத்தை மாங்காயும் வளையலுமாக வந்து போனாள். நான் மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்தான், தம்பியாகவே பிறந்தான். மீதியிருந்த ஒரு பக்கத்தில் அம்மா சில மாதம் பால் கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரைக்காக அவனை டப்பா பாலுக்கு மாற்றினாள்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா தம்பியைத் தோளில் போட்டபடியே வாசலுக்குப் போய், ஒரு கையை மட்டும் குவித்துச் சங்கு ஊதினார். காதுக்குப் பக்கத்தில் ஷாப்பே திறந்துவிட்டதில் தம்பி வீறிட்டான். அம்மா என்னிடமிருந்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு அவனை அப்பாவிடமிருந்து வாங்கி, தான் சமாதானம் செய்யாமல், என் மடியில் வைத்தாள்.

“புடி. உனக்குத்தான் இவன்” என்றாள்.

தம்பி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ‘அது’ திரும்பி வந்தது. இடைவெளி விட்டதால் வந்ததா, விடாமல் இருந்தாலும் வந்திருக்குமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அம்மா போன அன்று வீடு முழுக்க உறவு ஜனம். அப்பா ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். என்னைவிட வளர்ந்துவிட்ட தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தான், சாயங்காலம்வரை விடவில்லை. அம்மா மாத்திரையை நிறுத்தியது தனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காக அல்ல என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தான் இல்லாத வீட்டில் நான் ஒற்றையாக நிற்கக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை இதொன்றும் எனக்குத் தெரியாது. மடியில் கத்திய தம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “ஆ காட்டும்மா” என்று மறு கையால் அம்மாவின் தாடையைப் பிடித்து, மாத்திரை நிஜமாகவே உள்ளே போயிற்றா என்று அவள் நாக்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.