எல்லாருக்கும் தெரிஞ்ச போக்கர்

புக்குக் கடைக்காரி பொழப்பு டாக்டர் பொழப்பை விட மோசம்; டாக்டர்கிட்ட வர்றவன் எங்க வலிக்குதுன்னாவது சொல்லுவான், எங்கிட்ட வர்றவன் "நல்ல புக்கா ஒண்ணு குடு"ன்னு மட்டும்தான் சொல்லுவான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டுல கைடு, நோட்டு, ஜெராக்ஸ்னு கடை போட்டு உக்காந்திருக்கேன். சிப்காட்ல ஷிஃப்ட் விட்டா, ரயிலுக்கு ஓடற கூட்டம் என் வாசலைத் தாண்டித்தான் போவணும். நீங்களும் ஒரு தடவையாவது அடுத்தவனுக்குப் புக்கு சொல்லி மாட்டிக்கினு இருந்தீங்கன்னா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். புரியலன்னா நீங்க குடுத்து வெச்சவங்க.

முட்டி வலிக்கு போக்கர்

வரதண்ணனுக்கு இரும்பு உருக்கற கம்பெனியில வேலை. எட்டு மணி நேரமும் நின்னுக்கினே. ஊடு திருவொத்தியூர்ல. சாயங்கால வண்டியில அவருக்கு ஒரு சீட்டாட்டக் கோஷ்டி உண்டு. தலைவர், கிரேன் ஓட்டற தேவராஜ். வண்டி நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டை வீசி மூணு பேருக்கு இடம் புடிச்சிடுவாரு. தேவராஜ், ஸ்டோர்ல வேலை பாக்கற சேகர், வரதண்ணன், மூணு பேரும் மடியில பேப்பரை விரிச்சு ரம்மி ஆடிக்கினே போவாங்க. பந்தயம் வேர்க்கடலை. ஆடறவனுக்குத்தான் இடம், அதுதான் அங்க சட்டம்.

போன மாசம் ஒரு நாளு தேவராஜ், "ரம்மியக் கெழவனுங்க ஆடட்டும், நாளையில இருந்து போக்கர்"னுட்டாராம். சேகர், "ஓ, தெரியுமே"ன்னு தலையாட்டினான். பக்கத்துல நின்னுக்கினு இருந்த வெல்டர் குமரேசனும் "எனக்கும் தெரியும்"னு கையத் தூக்கினான். வரதண்ணன் மட்டும் "எனக்குத் தெரியாதே"ன்னு உண்மையச் சொல்லித் தொலைச்சிட்டாரு. அவ்ளோதான், அவரு இடம் குமரேசனுக்குப் போச்சு. முட்டி தேஞ்சுபோன மனுஷன் இப்ப திருவொத்தியூர் வரைக்கும் கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கினு போறாரு. என் ஸ்டூல்ல உக்காந்து முட்டியத் தேச்சுக்கினே கேட்டாரு: "ஸ்டெல்லாம்மா, ஒண்ணுமே தெரியாதவனுக்கு போக்கர் புக்கு எது நல்லாருக்கும்? தைலம் வாங்கி வாங்கிப் பேஜாராப் போச்சும்மா."

தலகாணி புக்கு

எனக்கு போக்கரும் தெரியாது, ஜோக்கரும் தெரியாது. மொத்தக் கடைக்காரன் "இதான் இருக்கறதுலயே பெரிய புக்கு"ன்னு ஒண்ணை என் தலையில கட்டினான். இங்கிலீஷு. தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அவ்ளோ தடி. வரதண்ணன் வண்டி வர்ற வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்து அதைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. முதல் பக்கத்துலயே பர்சன்டேஜ் கணக்கு. மனுஷன் மூடி வெச்சிட்டாரு.

அடுத்தது தமிழ்ல ஒண்ணு வந்துச்சு. அட்டையில கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தரு சிரிச்சுக்கினு நிக்கறாரு, அவருதான் எழுதினவராம். இது நிச்சயம் வேலைக்காவும்னு நெனச்சு நானே எடுத்துக் குடுத்தேன். மறுநாளே திருப்பி நீட்டினாரு வரதண்ணன்: "இந்தாளு எத்தினி காரு வாங்கினான், எத்தினி ஊடு கட்னான், எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா, எந்தச் சீட்டு பெருசுன்னுதான் இன்னும் தெரியல."

பாஸ்டரம்மா

அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. பெரிய புக்கும் வேணாம், பெரியாளு எழுதின புக்கும் வேணாம். ஒல்லியா இருக்கணும், படம் இருக்கணும், எந்தச் சீட்டு எதைவிடப் பெருசுன்னு முதல் பக்கத்துலயே வரிசையாப் போட்டிருக்கணும். தேடினதுல பசங்க லீவுக்கு விளையாடற புக்கு வரிசையில ஒண்ணு ஆப்டுச்சு. கொஞ்சம் காப்பி வாங்கி, பத்தாங்கிளாஸ் கைடு பக்கத்துல அடுக்கி வெச்சேன்.

சண்டே ஸ்கூல் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த எங்க சர்ச் பாஸ்டரம்மா கண்ணுலதான் அது முதல்ல பட்டுச்சு. கர்த்தரே, மாட்டிக்கினேன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல என் கடைதான்னு முடிவே பண்ணிட்டேன். பாஸ்டரம்மா கையில எடுத்தாங்க, கண்ணாடியப் போட்டுக்கினு நாலு பக்கம் நிதானமாப் படிச்சாங்க. அப்புறம் வாசப்பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, என் காதுகிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க: "ரம்மிக்கு இந்த மாதிரி படம் போட்டது இல்லியா, ஸ்டெல்லா?"

எல்லாம் அடுத்தவனுக்கு

மறுநாளு சேகர் வந்தான். "அக்கா, எங்க மச்சானுக்கு போக்கர் கத்துக்கணுமாம். அவனுக்கு சுத்தமா ஒண்ணும் தெரியாது"ன்னான். சேகருக்குக் கல்யாணமும் ஆவல, கூடப் பொறந்த அக்கா தங்கச்சியும் இல்ல. மச்சான் மட்டும் எங்க இருந்து வந்தான்னு நான் கேக்கல. வெளிய தெரியாம அட்டை போட்டுக் குடுன்னான். பக்கத்துல அரைப்பரீட்சை மாதிரிக் கேள்வித்தாள், சமூக அறிவியல், கோணலா விழுந்த ஜெராக்ஸ் ஒரு கட்டு கெடந்துச்சு. அதுல ஒண்ணை எடுத்து அட்டை போட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு குமரேசன். இவனுக்குப் பக்கத்து ஊட்டுப் பையனாம். அதே புக்கு, அதே கேள்வித்தாள். சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. "நல்லா ஒட்டிக் குடுங்கக்கா, பையன் ரொம்பக் கூச்சப்படுவான்"னான்.

தலைவரே வந்துட்டாரு

அதே வாரத்துல தேவராஜே வந்தாரு. முன்ன ஒரு தடவை பாத்தாரு, பின்ன ஒரு தடவை பாத்தாரு, குனிஞ்சுதான் உள்ளயே வந்தாரு. "கோஷ்டியில ஒருத்தனுக்கும் ஒண்ணும் வெளங்கல, அவனுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்"னாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! மூணு பேருக்கும் போக்கர்ல அ, ஆ கூடத் தெரியாது. இத்தினி நாளும் கையில சீட்டை வெச்சுக்கினு ஆடற மாதிரி நடிச்சிருக்கானுங்க. தெரியாதுன்னு வாயத் தொறந்து சொன்ன ஒரே குத்தத்துக்கு ஒரு மனுஷன் ஒரு மாசமா நின்னுக்கினு போறாரு. நறுக்குன்னு கேட்டுடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா, எவன் எந்தப் புக்கு வாங்கினான்னு வெளிய சொன்னா அப்புறம் எவன் கடைக்கு வருவான்? பல்லக் கடிச்சுக்கினு அதே கேள்வித்தாள்ல அட்டை போட்டு நீட்டினேன். பையில சொருகிக்கினே சொன்னாரு: "போக்கர்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. சும்மா, படத்தைப் பாக்கலாமேன்னுதான்."

ஒரே ஒரு கேள்வி

அவரு தலை மறைஞ்சதும் வரதண்ணன் வந்தாரு. ஒல்லி புக்கை ஸ்டூல்லயே உக்காந்து ஏற்கெனவே முழுசும் படிச்சு முடிச்சிருந்தாரு. "அண்ணே, இன்னிக்கு அவங்க பக்கத்துல போய் நின்னுக்கினு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அஞ்சு சீட்டும், செவப்பு இதயம் போட்ட ஆட்டினாவே வந்தா பெருசா, நம்பர் வரிசையா அஞ்சு வந்தா பெருசா? அதுக்கு மேல வாயத் தொறக்காதீங்க"ன்னேன். ரம்மி ஆடிப் பழகினவனுக்கு வரிசைதான் சாமி, கண்ண மூடிக்கினு வரிசைம்பான். ஒல்லி புக்கை நானும் புரட்டிப் பாத்ததுல, போக்கர்ல அஞ்சும் ஒரே ஆட்டினா இருந்தா அதுதான் பெருசு.

பொன்னேரி தாண்டினதும் கேட்டிருக்காரு. "வரிசைதான், இது கூடவா தெரியாது?"ன்னாராம் தேவராஜ். குமரேசன், "இல்லண்ணே, ஆட்டின்தான்"னான். சேகரு, "ரெண்டும் ஒண்ணுதான்பா"ன்னு பஞ்சாயத்து பண்ணான். சண்டை முத்திப்போச்சு. "இரு, காட்றேன்"னு மூணு பேரும் ஒரே நேரத்துல பையில கைய வுட்டு, மூணு புக்கையும் வெளிய எடுத்தாங்க. மூணுலயும் ஒரே கேள்வித்தாளு. மூணுலயும் மேல தெரியற மாதிரி 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. பொட்டியே சிரிச்சுதாம். அப்புறம் தேவராஜ் தலையக் குனிஞ்சுக்கினே, "தள்ளி உக்காருங்கடா"ன்னு சொல்லி, மூணு பேரு இடத்துல நாலு பேருக்கு இடம் பண்ணாராம். வரதண்ணன் உக்காந்து திருவொத்தியூர் வரைக்கும் அவங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்துக்கினே போனாரு. இதைச் சொல்றப்ப அவரு முட்டியில கையே வெக்கல. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாளு தேவராஜ் கடைக்கு வந்து ஒரே கூச்சல்: "இன்னாம்மா ஸ்டெல்லா, மூணுக்கும் ஒரே கேள்வித்தாளா போடுவ? ஒண்ணுக்குக் கணக்கு, ஒண்ணுக்கு சயின்ஸுன்னு மாத்திப் போட்டிருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும்ல!"

ஆகக்கூடி, ஒண்ணுமே தெரியாதவனுக்கான போக்கர் புக்கை எல்லாம் தெரிஞ்ச மூணு பேரு காசு குடுத்து வாங்கினாங்க. நெஜமாவே ஒண்ணும் தெரியாதவரு என் ஸ்டூல்ல உக்காந்து ஓசியிலயே படிச்சிட்டுப் போயிட்டாரு.