மேட்டுத் தெருவின் சொரசொரப்பு

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு 'அழுத்தம்மா' என்று பெயர். குழாய்களில் நீரின் அழுத்தத்தை அளப்பது அவள் வேலை. அவளுக்கு ரத்த அழுத்தம் வந்ததே அந்தப் பெயருக்கு அப்புறம்தான் என்பான் அவள் கணவன்.

மேட்டுத் தெருவில் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் மேல் புகார். போதாக்குறைக்கு அவள் நாத்தனார் அங்கேதான் குடியிருந்தாள். "அண்ணி, ஊருக்கெல்லாம் தண்ணி விடுறீங்க, எங்க குழாய்ல காத்துதான் வருது" என்று அவள் போன் செய்யாத நாளில்லை.

பெரிய பம்பு வைத்தால் சரியாகுமா என்று பார்க்க ஒரு சமன்பாடு உண்டு. அதில் தெரியாதது ஒன்றே ஒன்று: குழாயின் உட்புறம் எவ்வளவு கரடுமுரடு என்று காட்டும் சொரசொரப்புக் குணகம். தெருவின் இரு முனைகளிலும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து கொடுத்தால், அளவுகளோடு ஒத்துப்போகும் எண்ணை மென்பொருள் தேடிக் கொடுக்கும்.

கொடுத்தது. திரையில் கோடு புள்ளிகளின் மேல் கச்சிதமாகப் படிந்தது. எண்ணைப் பார்த்தால்தான் தலை சுற்றியது. குழாய் முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்தாலொழிய அப்படி ஓர் எண் வராது.

மீட்டரை மாற்றி அளந்தாள். வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று வெயிலில் குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு போயிற்று. மென்பொருளோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றது.

"கோடுதான் பொருந்திடுச்சே, எழுதிக் குடுத்துடும்மா," என்றார் மேலதிகாரி.

"பொருந்துது சார். ஆனா நடக்கிற காரியமா அது?"

"பம்பு வாங்க மேலிடத்துல சரின்னுட்டாங்க. இப்பப் போய் நோண்டாதே."

எரிச்சலோடு இருக்கைக்குத் திரும்பினாள். மற்ற எல்லாம் சரி என்று நம்பி, பழி முழுவதையும் ஒரு குணகத்தின் தலையில் கட்டிவிட்டோமோ? குணகத்தை அந்த வகைக் குழாய்க்கு வழக்கமாக உள்ள எண்ணிலேயே நிறுத்தினாள். வரைபடத்திலிருந்த குழாயின் அகலத்தைத் தெரியாததாக வைத்து மென்பொருளை மறுபடி ஓட்டினாள். ஆறங்குலம் என்று எழுதியிருந்த இடத்துக்கு நாலங்குலம் என்று விடை வந்தது.

தோண்ட ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஒரு வழியாகத் தோண்டினார்கள். உள்ளே நாலங்குலக் குழாய்.

மேலதிகாரி பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "பம்பு ஏற்கெனவே கிளம்பிடுச்சேம்மா," என்றார்.

வந்த பம்பைப் பொருத்தினார்கள். அந்த வேகம் தாங்காமல் பழைய குழாய் வெடித்துத் தெரு குளமானது.

"தண்ணி கேட்டோம் அண்ணி, அதுக்காக வாசல்லயே கொண்டுவந்து கொட்டுவீங்களா?" என்றாள் நாத்தனார். அழுத்தம்மா போனை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய குழாய்க்கு அனுமதி வந்தது. வந்திறங்கிய ஒவ்வொரு குழாயின் வாயிலும் அவளே அளவுகோலை வைத்துப் பார்த்தாள். வேலையாட்கள் முகம் சுளித்தார்கள்.

"ஏம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இப்ப யார் மேலயும் இல்ல. கொஞ்சம் தள்ளுங்க."