டேங்க்கை ஒட்டி

வாங்க வந்த பைக்கில் உட்கார்ந்து பார்த்தேன். "சார், டேங்க்க ஒட்டிக்கினு உக்காந்தா முதுகு போய்டும். பின்னாடி தள்ளி உக்காருங்க" என்றார் ஷோரூம்காரர்.

அப்பாவும் ஒருநாள் டேங்க்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பழைய மோட்டார் சைக்கிளுக்கு எருமைத்தோலில் சீட் கவர் தைத்துப் போட்டிருந்தார். வெயிலில் தொடை பொசுங்கும். அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று, அவள் உட்கார இடம்விட்டு டேங்க் வரை நகர்ந்துகொண்டார். நடுவில் நான். எனக்கு ஏழு வயது. அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து, என்னைச் சுற்றிக் கைபோட்டு அவர் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"கால் மரத்துப் போச்சும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோடா. விரிஞ்சிபுரம் தாண்டிட்டோம்."

அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். அவளை மாமா வேனில் கொண்டுபோனார். நானும் அப்பாவும் அதே வண்டியில் திரும்பினோம். எனக்கு அழுகை வரவில்லை. இந்தமுறை கால் மரக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பின்னாடி தள்ளி உக்காருப்பா, எடம் கீது" என்றேன்.

அப்பா டேங்க்கை விட்டு நகரவில்லை. நானும் நகரவில்லை. எனக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் இடம் ஆம்பூர் வரை காலியாகவே வந்தது.