ஏரோப்பிளேன் இறக்கையில் நான் விட்ட ஒரு விரல் இடைவெளி

தையல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சேர்ந்த நாள்

என் அப்பா ஆரையம்பதியில் தோணிகளுக்குப் பாய் தைத்தவர். எனக்கும் அந்த வேலைதான் தெரியும். ஒருநாள் சின்னப் போடியார் ஆள் அனுப்பினார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் பாதி வயல் அவர் குடும்பத்துடையது, அதனால்தான் போடியார் என்ற பெயர். அவரோ வயலை விட்டுவிட்டுச் சீமைக்குப் போய், தண்ணீரில் இறங்கும் ஏரோப்பிளேன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதன் இறக்கை துணியால் ஆனது. வாவியில் இறங்கும்போது மீன்காரர் நட்ட கம்பில் பட்டுக் கிழிந்துவிட்டது.

போடியாருக்கு ஆகாயத்தில் பயமில்லை, அழுக்கில்தான் பயம். கதவைத் தொட்டால் சவர்க்காரம் கரையும் வரை கை கழுவுவார். யாராவது கிட்டப் போனால் பின்னுக்குப் போவார். ஒருவர் முகத்தையும் பார்க்கமாட்டார். நானும் பார்க்கமாட்டேன். ஒரு கிழமையாக இருவரும் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னகா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நான் தபால்காரனா?" என்பார், எங்கள் இருவர் பேச்சையும் சுமந்து திரிந்த மெக்கானிக் டானியல் அண்ணன்.

2. பறக்க இருந்த காலை

ஒட்டுத் துணி தைத்து முடித்தேன். டானியல் அண்ணன் துணி விறைப்பாக நிற்க அதன் மேல் வார்னிஷ் போன்ற மருந்தைப் பூசினார். மறுநாள் காலை போடியார் ஏறப் போகும்போதுதான் நான் செய்த பிழை நினைவுக்கு வந்தது.

பாயின் பின் ஓரத்தில் ஒரு விரல் அளவு தைக்காமல் விடுவது அப்பாவின் வழக்கம். பலத்த காற்று அதன் வழியே போய்விடும், தோணி கவிழாது. கைப்பழக்கத்தில் இறக்கையின் அடியிலும் அப்படியே விட்டிருந்தேன். மேலே போனதும் காற்றுப் புகுந்து துணி உரிந்துவிடும்.

"அண்ணன், ஐயாவிட்ட ஒண்டு சொல்லணும்."

"ஒரு கிழமையா வாய் திறக்காத ஆளு! நீயே போய்ச் சொல்லுகா."

முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடினேன்.

"நில்லு! கை கழுவினியா?" என்றார் போடியார்.

"வாவிக்குள்ளதானே ஐயா நிக்கிறன். ஏறாதீங்க, நான் பிழையாத் தைச்சிட்டன்."

குனிந்து பார்த்தார். அந்த இடைவெளிக்குள் தன் விரலை விட்டார்.

"இது எதுக்கு?"

"தோணி கவிழாம இருக்க."

"இது தோணி இல்ல புள்ள."

"தெரியும் ஐயா. தைக்கக்குள்ள மறந்துட்டன்."

அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். ஊசியோடு நான் குனிந்தபோது, துணியின் ஓரத்தைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்தார். என் விரல் இரண்டு தரம் பட்டும் கையை எடுக்கவில்லை. பிறகு அரை மணி நேரம் கழுவினார், அது வேறு. மருந்து பூசிக் காய்ந்த பின் பறந்து, வாவியைச் சுற்றி, பத்திரமாக இறங்கினார்.

பிள்ளைகளே, தைத்ததில் பிழை இருந்தால் ஆள் ஏறும் முன்னமே சொல்லிவிடுங்கள். இறங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நான் கூச்சப்பட்டு நின்றிருந்தால், கேட்க அவர் இருந்திருக்கமாட்டார்.